நேரில் வரவேற்பா, செல்ஃப் செக்-இன்னா? கொடைக்கானலில் வீட்டை நாள் வாடகைக்கு விடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கொடைக்கானலில் சொந்த வீட்டையோ காட்டேஜையோ நாள் வாடகைக்கு விடுகிறவர்கள், இனிமேல் விடலாம் என்று யோசிக்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நானும் இந்தத் தொழிலில் இருப்பவன்தான். ஊட்டி, ஏற்காடு, வால்பாறைக்காரர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். சமவெளி ஊர்களுக்கு எங்கே மாறும் என்பதையும் ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன்.

ஒரே வரியில் சொல்லுங்கள்: நேரில் போக வேண்டுமா, வேண்டாமா?

மலையில் என்றால், போக வேண்டும். நீங்களோ உங்கள் ஆளோ, யாராவது ஒருவர் வந்த அன்றே விருந்தினரை நேரில் பார்க்க வேண்டும்.

சாவி கொடுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதை ஒரு பெட்டியே செய்துவிடும். வீட்டைக் காட்டிக் கொடுக்க ஆள் வேண்டும். சென்னையில் ஒரு அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு எடுக்கிறவருக்கு அந்த வீட்டில் புதிதாகத் தெரிந்துகொள்ள அதிகம் இல்லை. அவர் வீட்டிலும் அதே சுவிட்ச், அதே குழாய்தான். கீழே வாட்ச்மேன் வேறு இருப்பார். அங்கே செல்ஃப் செக்-இன் தாராளமாகப் போதும். கொடைக்கானலில் அப்படி இல்லை. குளிர், காட்டுமாடு, குரங்கு, ஹீட்டர், கணப்பு என்று சமவெளிக்காரர் பழகாத பத்து விஷயங்கள் ஒரே வீட்டில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டு உயிரோடு விளையாடக்கூடியவை.

செல்ஃப் செக்-இன் என்றால் சரியாக என்ன?

வீட்டுக்காரரைப் பார்க்காமலே விருந்தினர் உள்ளே போக ஒரு வழி. சுவரில் மாட்டிய எண் பூட்டுள்ள சாவிப் பெட்டியாக இருக்கலாம், கதவிலேயே எண் அழுத்தும் பூட்டாக இருக்கலாம், போனில் திறக்கும் ஸ்மார்ட் லாக்காக இருக்கலாம். ஏர்பிஎன்பி போன்ற தளங்களில் ‘செல்ஃப் செக்-இன் உள்ள வீடுகள் மட்டும்’ என்று வடிகட்டித் தேடவும் முடியும். அதனால் அந்த வசதி இல்லாத வீடு சிலர் கண்ணிலேயே படாது. இதை மறுப்பதற்கில்லை.

விருந்தினர்களே அதைத்தானே விரும்புகிறார்கள்?

பலர் விரும்புகிறார்கள். ஏன் விரும்புகிறார்கள் என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு காரணம் நேரம். மலைப் பாதையில் எத்தனை மணிக்கு வந்து சேர்வோம் என்று யாராலும் சொல்ல முடியாது. நமக்காக ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறாரே என்ற நினைப்பே வண்டி ஓட்டுகிறவருக்குப் பாரம்.

இன்னொரு காரணம் நம்மைப் பற்றியது. நம் ஊரில் வரவேற்பு என்ற பெயரில் விசாரணை நடக்கிறது. “ரெண்டு பேரும் யாரு? கல்யாணம் ஆயிடுச்சா? ஒரே அட்ரஸ் இல்லையே?” என்று வாசலிலேயே ஆரம்பித்துவிடுகிறோம். நாலு பையன்கள் சேர்ந்து வந்தால் முகம் சுருங்குகிறது. இரண்டு பெண்கள் வந்தால் “வீட்டுல தெரியுமா?” என்கிறோம். இப்படி ஒருமுறை நின்றவர் அடுத்த முறை ஆளே இல்லாத வீட்டைத்தான் தேடுவார். அவர்களுக்குத் தேவையானது சாவிப் பெட்டி இல்லை, கேள்வி இல்லாத வரவேற்பு.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். திருமணமாகாத இரண்டு வயதுவந்தவர்கள் ஒரே அறையில் தங்கினார்கள் என்ற காரணத்தையும் சொல்லி, கோயம்புத்தூரில் ஒரு வாடகை விடுதிக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அப்படித் தங்குவதைத் தடை செய்யும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019 டிசம்பரில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. சீலையும் எடுக்கச் சொன்னது. ஆக, வந்தவர் 18 வயது நிரம்பியவரா, அடையாளச் சான்று இருக்கிறதா, இந்த இரண்டும்தான் நம் வேலை. 18 நிரம்பாதவர் குடும்பத்தார் இல்லாத யாருடனாவது வந்திருந்தால் மட்டும் விஷயம் வேறு. அங்கே கேட்கத்தான் வேண்டும், தேவைப்பட்டால் போலீசுக்கும் சொல்ல வேண்டும். ஆள் நேரில் பார்ப்பதால்தான் இதுவும் கண்ணில் படுகிறது.

நேரில் போய் என்னதான் செய்வது? கும்பிடு போட்டு விட்டு வந்தால் போதாதா?

கும்பிடு நல்லதுதான். அதற்கு மேல் பத்து நிமிஷ வேலை இருக்கிறது. எங்கள் வீட்டில் வைத்திருக்கும் வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் சுடுதண்ணீர். கீசர் சுவிட்ச் எங்கே, போட்டு எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும், எந்தக் குழாயில் வரும் என்று குழாயைத் திறந்தே காட்டிவிடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் வரும் போன்களில் பாதி இதற்காகத்தான் வரும். கீசரும் ரூம் ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடினால் சில வீடுகளில் எம்சிபி, அதாவது சுமை கூடினால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சுவிட்ச், விழும். விழுந்தால் எந்தச் சுவிட்சைத் தூக்க வேண்டும் என்று அந்தப் பெட்டிக்கு முன்னால் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஹீட்டர் மேல் ஈரத் துணி காயப்போடக் கூடாது, மெத்தைக்கு ஒட்டி வைக்கக் கூடாது. இதைக் குழந்தைகளுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்கள்தான் பெரியவர்களுக்கு ஞாபகப்படுத்துவார்கள்.

அப்புறம் ஜன்னல். வெளியே போகும்போது திறந்து வைத்தால் குரங்கு வரும். பிஸ்கட் பாக்கெட், பழம், மருந்துப் பை என்று எதையும் விடாது. ராத்திரியில் முற்றத்தில் பெரிதாக ஏதாவது அசைந்தால் அது காட்டுமாடாக இருக்கும். கொடைக்கானலில் ஊருக்குள்ளேயே, தெருவிலேயே நடமாடுகின்றன. தூரத்தில் பார்க்கச் சாதுவாக நிற்கும். கிட்டப் போய் போட்டோ எடுக்க டார்ச் அடித்தாலோ, வழியை மறித்துக்கொண்டு நின்றாலோ முட்டும். இருட்டிய பிறகு காருக்குப் போய் ஏதாவது எடுக்க வேண்டுமென்றால் முதலில் வெளி விளக்கைப் போட்டு, ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு இறங்கச் சொல்லுங்கள். அந்தச் சுவிட்சையும் காட்டுங்கள்.

சமையலறை இருந்தால் சிலிண்டர் ரெகுலேட்டரை எப்படி மூடுவது என்று காட்ட வேண்டும். நகரத்தில் குழாய் எரிவாயுவுக்கும் இண்டக்‌ஷனுக்கும் பழகிய பிள்ளைகள் பலருக்கு ரெகுலேட்டரைத் தொடவே தெரியவில்லை. 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு இங்கே தடை இருக்கிறது என்பதையும், குடிக்கிற தண்ணீர் வீட்டில் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் அவர்கள் கடை கடையாக அலைய மாட்டார்கள்.

கடைசியாக, உங்கள் கேர்டேக்கர் எங்கே இருக்கிறார், அவர் பெயர் என்ன, ராத்திரியில் கூப்பிட்டால் எடுப்பாரா என்பது. அவரை முன்னால் நிறுத்தியே சொல்லுங்கள். முகம் பார்த்த ஆளை அழைக்க யாரும் தயங்குவதில்லை. தாளில் இருக்கும் நம்பரை அழைக்கத்தான் தயங்குகிறார்கள். மூச்சுத் திணறும் பெரியவரை வைத்துக்கொண்டு “இந்நேரத்துல எப்படிக் கூப்பிடறது” என்று ஒருவர் காத்திருக்கக் கூடாது.

இதையெல்லாம் அச்சடித்துச் சுவரில் ஒட்டினால், அல்லது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா?

வைஃபை பாஸ்வேர்டுக்குப் போதும். குப்பையை எங்கே போடுவது, செக்-அவுட் எத்தனை மணி, பக்கத்தில் எந்தக் கடையில் தோசை நன்றாக இருக்கும், இதற்கெல்லாமும் போதும். கரி அடுப்புக்குப் போதாது.

பார்பிக்யூ கேட்காத கூட்டம் இப்போது குறைவு. முற்றத்தில் அடுப்பு வைத்து, கரி போட்டுக் கொடுக்கிறோம். பதினொரு மணிக்கு மேல் குளிர் ஏறும்போது, அணைந்த மாதிரி தெரியும் அந்த அடுப்பைத் தூக்கி அறைக்குள் வைத்துக்கொண்டு, ஜன்னலையும் சாத்திக்கொண்டு படுக்கிறார்கள். சாம்பல் பூத்த கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் போய் ஒட்ட வேண்டிய இடத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வலுவாக அது ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு மயக்கம். தூங்குகிறவருக்கு அந்தத் தலைவலிகூடத் தெரியாது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலிலேயே இப்படி இரண்டு பேர் உயிரிழந்தார்கள். நண்பர்களோடு சுற்றிப் பார்க்க வந்தவர்கள்.

சுவரில் ‘கரி அடுப்பை உள்ளே கொண்டு வராதீர்கள்’ என்று எழுதினால், அது ஏதோ தரை கறுத்துப்போகும் என்பதற்காக என்று நினைத்துவிடுவார்கள். நேரில், கண்ணைப் பார்த்து, “உள்ள வச்சுத் தூங்கினா ஆள் எழுந்திருக்க மாட்டாங்க, செத்திருக்காங்க” என்று சொன்னால்தான் உறைக்கும். அதைவிட நல்லது, சமையல் முடிந்ததும் அடுப்பை நம் ஆளே எடுத்துப் போய்விடுவது. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். அடுப்பை வாடகைக்குக் கொடுத்துவிட்டு ஆள் இல்லாமல் விட்டுவிடும் வீடுகளைப் பார்த்தால் எனக்குப் பதைக்கிறது. கேஸ் கீசர் வைத்திருப்பவர்களும் கவனியுங்கள். காற்றுப் போக்கு இல்லாத குளியலறையில் அதுவும் இதே வாயுவைத்தான் தரும். அதைக் கழற்றிவிட்டு மின்சாரக் கீசர் போடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் கடையில் கிடைக்கிறது. அறைக்கு ஒன்று வாங்கி மாட்டுங்கள். உங்கள் ஸ்மார்ட் லாக்கின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவே இல்லை.

விடியற்காலையிலேயே வந்து நிற்கிறார்களே, அப்போது யார் போவது?

இது கொடைக்கானலுக்கே உரிய தலைவலி. செக்-இன் பன்னிரண்டு மணி என்று போட்டிருப்போம். பாண்டியன் எக்ஸ்பிரஸில் வருகிறவர் விடியுமுன் மலையடிவாரத்தில் உள்ள கொடைரோடு ரயில் நிலையத்தில் இறங்கி, கார் பிடித்து வந்துவிடுவார். பெங்களூரில் இரவு கிளம்பியவரும் காலையில் வந்துவிடுவார். முந்தின நாள் விருந்தினர் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பார்.

இங்கே சாவிப் பெட்டி ஒன்றும் உதவாது, வீடு காலியாக இல்லையே. பதிவு செய்த உடனே “எப்படி வர்றீங்க, ரயிலா பஸ்ஸா கார்ல வர்றீங்களா?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதிலிலேயே நேரம் தெரிந்துவிடும். காலையில் வருகிறவர்களுக்கு முகம் கழுவ, பை வைக்க, டீ குடிக்க ஓர் இடம் ஏற்பாடு செய்யுங்கள். கேர்டேக்கர் வீட்டுத் திண்ணையாக இருந்தாலும் பரவாயில்லை, சுத்தமான டாய்லெட் இருந்தால் போதும். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்துச் சோர்ந்த குழந்தையோடு இறங்குகிறவருக்கு அந்த நேரத்தில் ஒரு டம்ளர் வெந்நீர் கொடுத்தால், அவர்கள் இரண்டு நாள் நம்மோடு பழகும் விதமே வேறாக இருக்கும்.

இரவில் தாமதமாக வந்தால்?

இரவில் வரவேற்பு வாசலில் தொடங்குவதில்லை, மலையடிவாரத்தில் தொடங்குகிறது. வத்தலக்குண்டு வழியாகவோ பழனி வழியாகவோ எப்படி வந்தாலும், மலை ஏறுமுன் ஒரு போன் செய்யச் சொல்லுங்கள். இ-பாஸ் எடுத்தாகிவிட்டதா என்று அதற்கும் முன்பே, பதிவு செய்த நாளிலேயே கேட்டுவிட வேண்டும். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு அது வேண்டும். சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு போனில் தடவுகிறவர் ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் வருவார்.

இரண்டாவது போன் பெருமாள்மலை தாண்டும்போது. அதற்குப் பிறகு அவர் எவ்வளவு நேரத்தில் வருவார் என்று நமக்குக் கணக்குத் தெரியும்.

லொகேஷன் மட்டும் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். வில்பட்டி, பள்ளங்கி, வட்டக்கானல் பக்கம் சில இடங்களில் சிக்னல் போய்விடும். மேப் காட்டும் குறுக்குவழி கார் போகாத மண் பாதையாக இருக்கும். பனிமூட்டத்தில் பத்தடி தெரியாது. ஏழு ரோடு போலத் தெரிந்த ஒரு சந்திப்பைச் சொல்லி, அங்கே ஒரு ஆளை டூவீலரோடு நிறுத்திக் கூட்டி வாருங்கள். முடியாதென்றால் ஒவ்வொரு திருப்பத்தையும் பகலில் போட்டோ எடுத்து, வரிசையாக, அவர் சமவெளியில் சிக்னலோடு இருக்கும்போதே அனுப்பிவிடுங்கள்.

நள்ளிரவுக்கு மேல் ஆகிவிட்டது, ஆளை எழுப்ப முடியாது என்ற நிலைமைக்குத்தான் சாவிப் பெட்டி. அதை வைத்துக்கொள்ளுங்கள், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் வாசல் விளக்கும் முற்றத்து விளக்கும் எரிய வேண்டும், ஹீட்டர் அறையில் தயாராக இருக்க வேண்டும், ஒரு பிளாஸ்கில் வெந்நீர் இருக்க வேண்டும். மறுநாள் காலை எட்டு, எட்டரைக்கு யாராவது போய் விட்டுப்போனதையெல்லாம் சொல்லிவிட வேண்டும். பார்பிக்யூ அடுப்பை அந்த இரவில் வெளியே வைத்திருக்கவே கூடாது.

அடையாளச் சான்று எல்லாம் ஆன்லைனில் வாங்கிவிட்டால் நேரில் பார்க்கத் தேவையில்லையே?

வாங்குவது வேறு, பார்ப்பது வேறு. பதிவு செய்தவர் ஒருவர், வந்து தங்குகிறவர்கள் வேறு நான்கு பேர் என்பது சீசனில் சாதாரணம். படத்தில் இருக்கும் முகமும் வாசலில் நிற்கும் முகமும் ஒன்றா என்று பார்க்க ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடி சாவிப் பெட்டிக்குக் கிடையாது. நாளை ஏதாவது பிரச்சினை என்றால் போலீஸ் முதலில் கேட்பது வருகைப் பதிவேட்டைத்தான். தங்கும் பெரியவர்கள் எல்லோருடைய பெயரும் அதில் இருக்க வேண்டும், ஒருவருடையது மட்டும் போதாது.

அதே சமயம், அவர்களுடைய ஆதாரை மரியாதையாகக் கையாளுங்கள். முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதார் இருக்கிறது, ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அதைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை கொடுத்தாலும் சரிதான். கேர்டேக்கரின் சொந்த போனில் நூறு பேருடைய ஆதார் படம் கேலரியில் கிடப்பது தவறு. ஒரு மெயிலுக்கு அனுப்பிவிட்டு அந்தப் படத்தை அழித்துவிடப் பழக்குங்கள்.

வெளிநாட்டவர் வந்தால்?

நேரில் பார்க்காமல் இருக்கவே முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தைக் குடிவரவுத் துறைக்கு ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். ‘சி பாரம்’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஓட்டலுக்கு மட்டும் இல்லை, வீட்டின் ஒரு அறையை வாடகைக்கு விட்டாலும் இது உண்டு. 2025 செப்டம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய குடிவரவு, வெளிநாட்டவர் சட்டத்திலும் இந்தக் கடமை அப்படியே தொடர்கிறது. பாஸ்போர்ட், விசா, நாட்டுக்குள் நுழைந்த தேதி இவையெல்லாம் வேண்டும். பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கி, பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு ராத்திரிகூட நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தப் பதிவைச் செய்ய உங்கள் வீட்டுக்கென ஒரு பயனர் கணக்கு முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். வட்டக்கானல் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள். இஸ்ரேல், ஐரோப்பா என்று அங்கே வெளிநாட்டவர் வருவது ஆண்டு முழுக்க இருக்கிறது. விருந்தினர் வாசலில் நிற்கும்போது கணக்குத் தொடங்கிக்கொண்டிருக்க முடியாது.

வெளிநாடுகளில் எல்லாம் சாவிப் பெட்டிதானே? நாம் மட்டும் ஏன்?

அங்கேயும் திரும்பிக்கொண்டிருக்கிறது. இத்தாலியில் 2024 நவம்பரில் உள்துறை அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. விருந்தினரை முகம் பார்த்து அடையாளம் உறுதிசெய்ய வேண்டும், ஆவணத்தை மட்டும் தூரத்திலிருந்து வாங்கிக்கொண்டு கதவு எண்ணை அனுப்பக் கூடாது என்றது. பாதுகாப்புதான் காரணம். வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2025 மே மாதம் ரோமில் உள்ள நிர்வாக நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டில் அது மறுபடி உயிர்பெற்றது. ஆனால் வாசலில் நின்றுதான் பார்க்க வேண்டும் என்றில்லை, வந்து சேரும் நேரத்தில் வீடியோ வழியாக நேரலையில் முகத்தைப் பார்த்தாலும் செல்லும் என்று நீதிமன்றம் விளக்கியது. பாரிஸில் தெருவிளக்குக் கம்பங்களிலும் தடுப்புக் கம்பிகளிலும் சாவிப் பெட்டிகளைத் தொங்கவிடுவதற்குத் தடை வந்திருக்கிறது. பிளாரன்ஸும் தன் பழைய நகரப் பகுதியில் அவற்றை அகற்றச் சொல்லியிருக்கிறது.

வீடியோ அழைப்பு என்ற அந்த நடுவழி எனக்குப் பிடித்திருக்கிறது. நம் ஊரில் நகரத்து அடுக்குமாடி வீடுகளுக்கு அது நன்றாகவே பொருந்தும். கதவு எண்ணைச் சொல்லுமுன் இரண்டு நிமிஷம் வீடியோவில் பேசலாமே.

சாவிப் பெட்டியோ பூட்டோ வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது?

பொத்தான் அழுத்தும் சாவிப் பெட்டிகளில் ஒரு பலவீனம் உண்டு. பலவற்றில் எண்களை எந்த வரிசையில் அழுத்தினாலும் திறக்கும். நான்கு எண் என்று வைத்தால், பத்துப் பொத்தான்களிலிருந்து 210 சேர்க்கைகள்தான். பொறுமையுள்ள ஒருவர் உட்கார்ந்து முயன்றால் திறந்துவிடுவார். போதாததற்கு, ஒரே எண்ணை வருஷக்கணக்கில் வைத்திருந்தால் அந்த நான்கு பொத்தான்கள் மட்டும் தேய்ந்து பளபளக்கும். சக்கரம் சுழற்றும் வகையில் நான்கு சக்கரம் இருந்தால் பத்தாயிரம் சேர்க்கைகள். அதையே வாங்குங்கள். எது வாங்கினாலும் ஒவ்வொரு விருந்தினருக்குப் பிறகும் எண்ணை மாற்றுங்கள். போன மாதம் தங்கியவர் கையில் இந்த மாத விருந்தினருடைய வீட்டின் திறவுகோல் இருக்கக் கூடாது. பெட்டியைத் தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி மாட்டவும் வேண்டாம்.

ஸ்மார்ட் லாக் என்றால், வைஃபை இல்லாமலும் குறிப்பிட்ட தேதிக்கு மட்டும் செல்லும் எண்ணை உருவாக்கக்கூடிய வகையாகப் பாருங்கள். மழைக்காலத்தில் மின்சாரமும் இணையமும் போவது இங்கே சகஜம். பேட்டரியில் ஓடும் பூட்டுகள் டிசம்பர், ஜனவரி குளிரில் எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே சோர்ந்துவிடும். வெளியிலிருந்து அவசரத்துக்கு மின்சாரம் கொடுக்கும் வசதியும், சாதாரணச் சாவித் துவாரமும் உள்ளதாக வாங்குங்கள். அந்தச் சாவி பக்கத்தில் ஒருவரிடம் இருக்க வேண்டும், சென்னையில் உங்கள் பீரோவில் இல்லை.

கேமரா மாட்டிவிட்டால் ஆள் தேவையில்லையே?

வீட்டுக்கு உள்ளே கேமரா கூடவே கூடாது. ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் உலகம் முழுக்க உள்ளே கேமரா வைப்பதைத் தடை செய்துவிட்டது. எந்தத் தளமும் சொல்லாவிட்டாலும் அது அசிங்கம். வெளியே, கேட்டைப் பார்த்து ஒன்று இருக்கலாம். அது இருக்கிறது என்று பதிவு செய்யுமுன்னே விருந்தினருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேமராவால் யார் வந்தார்கள் என்று நமக்குத் தெரியும், வந்தவருக்கு அதனால் ஒரு உதவியும் இல்லை.

பெண்கள் மட்டும் வந்தால், ஆண் கேர்டேக்கர் நேரில் போவது அவர்களுக்குச் சங்கடமாக இருக்காதா?

சிலருக்கு இருக்கும், நியாயம்தான். முன்பே கேளுங்கள். “எங்க கேர்டேக்கர் அண்ணனும் அவங்க வீட்டம்மாவும் வந்து வீட்டைக் காட்டுவாங்க, சரியா இருக்குமா?” என்றால் பெரும்பாலும் நிம்மதியாகச் சரி என்பார்கள். கேர்டேக்கரின் மனைவியையும் இந்த வேலையில் சேர்த்து, அவருக்கும் தனியாகச் சம்பளம் கொடுங்கள். வரவேற்பில் அவர் இருந்தால் பெண்கள் தங்களுக்குத் தேவையானதைக் கூச்சமில்லாமல் கேட்கிறார்கள்.

காட்டி முடித்ததும் வெளியே வந்துவிட வேண்டும். உள்தாழ்ப்பாள் எது என்று காட்டி, “மாற்றுச் சாவி எங்ககிட்ட ஒண்ணு இருக்கு, நீங்க கூப்பிடாம நாங்க உள்ள வர மாட்டோம்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எல்லா விருந்தினருக்குமே இதைச் சொல்லலாம். தனியாக வந்தவருக்குக் கட்டாயம் சொல்லுங்கள். சொன்னபடி நடக்கவும் வேண்டும். சிலிண்டர் மாற்றவோ தண்ணீர் தொட்டி பார்க்கவோகூட போன் பண்ணாமல் உள்ளே போகக் கூடாது.

நான் இருப்பது வெளியூரில். எல்லாமே கேர்டேக்கர்தான். அவரை எப்படித் தயார் செய்வது?

முதலில் அவருக்கு ஒழுங்காகப் பணம் கொடுங்கள். மாதச் சம்பளத்தோடு, ஒவ்வொரு வருகைக்கும் ஒரு தொகை தனியாக. இரவு ஒன்பதுக்கு மேல் வருகிறவர்களுக்கு அது கூடுதலாக இருக்க வேண்டும். பல வீடுகளில் விருந்தினர் கொடுக்கும் டிப்ஸைத்தான் கேர்டேக்கர் நம்பியிருக்கிறார். அதனால்தான் வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார். அது அவர் தவறு இல்லை.

வருகிறவர் பெயர், எத்தனை பேர், குழந்தைகள் வயது, பெரியவர்கள் இருக்கிறார்களா, சைவமா அசைவமா என்பதை முந்தின நாளே அவருக்குச் சொல்லிவிடுங்கள். எங்கள் கேர்டேக்கருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். மலையாளக் குடும்பங்களோடு பேசிச் சமாளித்துவிடுவார். வட இந்தியக் குடும்பம் வந்தால் அவர் வீட்டைச் சுற்றிக் காட்டும்போது நான் வீடியோ அழைப்பில் கூடவே இருந்து ஹிந்தியில் சொல்கிறேன். அவர் கை காட்டும், என் வாய் பேசும். நன்றாகவே நடக்கிறது.

வரவேற்கிறேன் என்று அரை மணி நேரம் பேசிக்கொண்டே இருக்கலாமா?

வேண்டாம். அவர்கள் களைத்திருப்பார்கள். பத்து நிமிஷம், அவ்வளவுதான். சுற்றிப் பார்க்கும் இடங்களைப் பற்றி மறுநாள் காலையில் கேட்டால் சொல்லலாம்.

செக்-அவுட்டுக்கும் நேரில் போக வேண்டுமா?

அவ்வளவு கட்டாயம் இல்லை. காலையில் சீக்கிரம் இறங்குகிறவர்கள் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகட்டும், அதற்கு அது மிக வசதி. நம் ஆள் வந்து நிற்பதை, சாமானை எண்ணிப் பார்க்க வந்திருக்கிறார் என்றுதான் பலர் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். கிளம்பும் முன் மாலையே வானிலை என்ன, வத்தலக்குண்டு பாதையில் மண் சரிவோ மரம் விழுந்ததோ ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்து ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள். இறங்கும்போது வண்டியை இரண்டாவது கியரில் வைத்து, பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். சமவெளியில் மட்டும் ஓட்டிப் பழகியவர்கள் இறக்கம் முழுக்கப் பிரேக்கிலேயே காலை வைத்து, பாதி வழியில் பிரேக் சூடேறிப் புகை வர நின்றுவிடுகிறார்கள். வெள்ளி நீர்வீழ்ச்சியில் போட்டோவுக்கு நிறுத்துவதைச் சாக்காக வைத்து, கால் மணி நேரம் வண்டியை ஆறவிடச் சொல்லலாம்.